இரண்டு பீங்கான் குழல்கள்

போன வாரம் எதிர்வீட்டு மண் சுவரில் ஒருவன் பதினொரு ஆணி அடித்து, மின்சாரக் கம்பியை வாய்க்கால் வெட்டியதுபோலச் சுவருக்குள் பதித்து, மேலே களிமண் அப்பி மெழுகிவிட்டுப் போனான். மொத்தம் அரை மணி நேர வேலை. நான் தடியை ஊன்றிக்கொண்டு போய், மண்ணுக்குள் கம்பியைப் புதைக்காதே, மரத்தைப் பிடித்துக் கொண்டுபோ என்று சொன்னேன். "பெருசு, ஒங்க சோலியப் பாருங்க" என்றான். அதுதான் என் சோலி என்று அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

போடியில் எங்கள் பழைய வீடும் மண் சுவர் வீடுதான். மண்ணை ஏழு படையாக, அடுக்கடுக்காக வைத்து எழுப்பிய சுவர். கனம் ஒன்றரை முழம். மூன்று இடத்தில் அளந்திருக்கிறேன், மூன்று இடத்திலும் அதே அளவுதான். அடைமழை பிடித்தால் கீழ்ப் படை இரண்டும் தண்ணீர் குடித்துக் கறுத்துவிடும். தை வெயிலில்தான் மறுபடி வெளுக்கும். தெருவிலிருந்து வந்தால் முன்கூடம், அதற்குப் பின்னால் சன்னல் இல்லாத உள் அறை, அதற்கும் பின்னால் மாட்டுக்கொட்டம். கொட்டத்தைத் தாண்டினால் சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் மூட்டைகளைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கி.

வீட்டில் நாங்கள் நாலு பேர். என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன், மதினி, நான், என் மனைவி. அண்ணன் அந்தக் கிட்டங்கியில் மேஸ்திரி. நான் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். அண்ணனுடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை.

ஜெர்மன் யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கிட்டங்கி முதலாளி காப்பிக்கொட்டை உரிக்க ஓர் எண்ணெய் எஞ்சின் வரவழைத்தார். அதனோடு ஒரு டைனமோவும் வந்தது. முதலில் சுண்ணாம்புக் காரை பூசிய தன் வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டார். மாலை நாலரைக்குத் தொடங்கி எட்டு மணி வரை எரியும். தெருவே நின்று பார்த்தது. பிறகு ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, ஒன் வீட்டுக்கும் ரெண்டு பல்பு போட்டுக்க" என்றார். அன்று அண்ணன் வீட்டுக்கு வந்த நடையை நான் மறக்கவில்லை. அத்தனை நாள் குனிந்து நுழைந்த வாசலில் நிமிர்ந்து நுழைந்து, நெற்றியில் இடித்துக்கொண்டார்.

இரண்டு பல்பு எங்கே போடுவது? முன்கூடத்தில் ஒன்று என்பதில் பேச்சே இல்லை. இன்னொன்றைச் சமையல்கட்டில் போடச் சொன்னாள் மதினி. அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

அவள் ஏலக்காய் பொறுக்குகிறவள். குரங்கணி மலை வழியாகக் கழுதைப் பொதியில் இறங்கிவருகிற காய் கிட்டங்கிக்கு வரும்; அங்கிருந்து மூட்டை மூட்டையாக வீடுகளுக்கு வரும். வெயில் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்பதால் அதைத் தெருவில் வைத்துப் பொறுக்க முடியாது. சன்னல் இல்லாத உள் அறையில், புகை கக்கும் மண்ணெண்ணெய் விளக்கை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல பச்சை, வெளுத்தது, வெடித்தது, சோடை என்று நாலு குவியலாகப் பிரிப்பாள். ஒரு கை காயை எடுத்துப் போட்டால் நூற்றுப் பத்து, நூற்றிருபது காய் இருக்கும். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கண் இரண்டும் எந்நேரமும் சிவந்து, நீர் கோத்தே இருக்கும். வெளுத்த காய்க்கும் பச்சைக் காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் சில நாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள்.

"எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். அந்த ஒரு வெளக்கு உள் அறையில இருக்கட்டும்" என்றாள். எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"கேட்டுட்டாள்ல, போட்டுவிடு" என்றார் அண்ணன். முதலாளி கொடுத்த மிதப்பில் இருந்தார்.

கம்பி இழுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்ததும் கம்பியை எடுக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "வாத்தியாரய்யா, மண்சுவத்த நம்பப்படாது. ஆணி நிக்காது. நின்னாலும் ஈரம் விடாது. ஈரத்தக் கூடப் பொறுத்துக்கலாம், கரையான் இருக்கே, அது மரத்தையும் திங்கும், நூலையும் திங்கும், ரப்பரையும் விடாது."

அவர் செய்த வேலையை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. விட்டத்திலும் கைமரத்திலும் தூணிலும்தான் பீங்கான் குமிழ்களைத் திருகினார். மொத்தம் இருபத்து மூன்று. குமிழில் கட்டிய கம்பி சுவரில் படாமல் நாலு விரல் தள்ளி ஓடியது. சுவிட்சைத் தூணில் வைத்தார். சுவரைக் கடந்தே ஆக வேண்டிய இடம் மூன்று: சந்திலிருந்து கொட்டத்துக்குள், கொட்டத்திலிருந்து உள் அறைக்கு, உள் அறையிலிருந்து முன்கூடத்துக்கு. அந்த ஓட்டைகளில் கம்பிக்கு ஒன்றாகப் பீங்கான் குழல் செருக வேண்டும். உள்ளே வருகிற ஈரம் வெளியே வடியும்படி குழலைச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். ஓட்டைக்கு இரண்டு கம்பி. மூன்று ஓட்டைக்கு ஆறு குழல்.

அவர் பெட்டியில் நாலுதான் இருந்தது. வரும் வழியில் வண்டி குலுங்கி இரண்டு உடைந்துபோயிருந்தது.

"அடுத்த நடையில கொண்டாறேன். அதுவரைக்கும் ஒரு ஓட்டைய நிப்பாட்டி வைப்போம்" என்றார்.

அண்ணன் ஒப்பவில்லை. முதலாளி வெள்ளிக்கிழமை நேரில் வந்து சுவிட்சைப் போடுவதாகச் சொல்லியிருந்தார். "மலையில இல்லாத மூங்கிலா? ரெண்டு துண்டு நறுக்கிச் சொருகுமய்யா."

மதுரைக்காரர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில், முன்கூடத்துச் சுவர் காய்ந்த சுவர், மூங்கிலை அங்கே வைக்கிறேன், ஈரமான இரண்டு சுவருக்கும் பீங்கானை வைக்கிறேன் என்றார். சரியான யோசனை. எனக்கே அது புரிந்தது.

"முன்கூடத்துல மூங்கிலா? வர்றவன் பாத்துச் சிரிக்கமாட்டான்? மூங்கில மாட்டுக்குப் பக்கத்துல வையி. மாடா சிரிக்கப்போகுது?" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்படித்தான் இரண்டு மூங்கில் துண்டுகள் கொட்டத்துக்கும் உள் அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் ஏறின. மதுரைக்காரர் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "அய்யா, மழைக்கு முன்னாடி அத மாத்திப்புடுங்க. குழல அனுப்புறேன். எஞ்சின் ஓடாத காலையில மூங்கில உருவிட்டுப் பீங்கானைச் சொருகினா முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு, அந்த ஓட்டையில மண்ணு கிண்ணு வச்சு அடைக்கவிடாதீங்க. காத்து போகணும்." சரி என்று தலையாட்டினேன். அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. முன்கூடத்தில் முதலாளி உட்கார்ந்திருக்க, தெருவில் முப்பத்தேழு பேர் நின்றார்கள். உள் அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் போனேன். என் மனைவி பல்புக்குக் கீழே சுளகோடு உட்கார்ந்து, ஒரு காயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, இதுல கோடு கோடா இருக்கு. இத்தன நாளா எனக்கு இது தெரியாது" என்றாள். அன்று ஒரு மணி நேரத்தில் முடித்த வேலை முன்பு இரண்டே கால் மணி நேரம் பிடித்த வேலை. ஒரு மாதத்தில் அவள் கண்ணின் சிவப்பு வடிந்தது. இதையும் நான் கவனித்துத்தான் வந்தேன்.

புரட்டாசி பிறந்து ஐந்தாம் நாள் அண்ணன் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். ஏழு மாதம். அவள் வந்து எட்டு நாள் கழித்து மதுரையிலிருந்து வந்த வண்டியில் குழல்கள் வந்தன, வைக்கோல் சுற்றி, இரண்டும் உடையாமல்.

அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று மூங்கிலை ஆட்டிப் பார்த்தேன். இறுகியிருந்தது. சுற்றிலும் கொஞ்சம் மண்ணைக் கொத்தினால்தான் வரும். உளியை எடுத்துக்கொண்டு வந்தேன். மதினி குறுக்கே வந்து நின்றாள்.

"என்ன கொழுந்தனாரே, புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல சுவத்தக் கொத்தப் போறீகளா? பொறக்குற புள்ளைக்கு ஒதடு பொளந்துபோகும். படிச்ச ஆளுக்கு இது தெரியாதா?"

"ரெண்டு விரக்கடை மண்ணுதான், மதினி."

"ரெண்டு விரக்கடையோ ரெண்டு முழமோ, சுவரு சுவருதான். ஒங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பயமெல்லாம் இல்ல. எங்களுக்கு இருக்கு."

என் மனைவி சுளகைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். நான் அண்ணனிடம் போனேன். "பிரசவம் ஆகட்டும்டா, தம்பி. மூணு மாசம் பொறுத்துக்க மாட்டியா?" என்றார். எங்கள் பக்கத்தில் வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், சுவரைத் தொட மாட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. ஒருவேளை குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், குழந்தை இல்லாதவன் வேண்டுமென்றே கொத்தினான் என்பார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் பயந்தேன். குழல் இரண்டையும் துணியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்தது. பன்னிரண்டு நாள் குரங்கணி மலை கண்ணில் படவில்லை. சுவரில் கறுப்பு மூன்றாவது படைக்கு ஏறியது. ஒருநாள் மூங்கில் வாயிலிருந்து கரையான் புற்று ஒரு விரல் கனத்துக்குக் கோடு கிழித்ததுபோல இறங்கி, ஏலக்காய்ச் சாக்கு வரை வந்துவிட்டது. தீபாவளிக்கு முன் வீடு மெழுகுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. சுவரைக் கொத்தத்தான் கூடாது. பூசலாம், மெழுகலாம், அதற்குத் தடை இல்லை. "அந்தப் பொந்தையும் அடைச்சு மெழுகிப்புடு" என்று மதினி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அறுபத்து நாலு தாள். என் மனைவி கையில் சாணி கரைத்த மண்ணோடு வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த மூங்கிக்குள்ள இத வச்சு அடைக்கட்டுமா? அக்கா அடைக்கச் சொல்லுறாக. மதுரைக்காரரு என்னமோ சொன்னாரே?"

நாற்பத்தொன்றாவது தாளில் இருந்தேன். கூட்டல் தவறிவிடும் என்று தலையைத் தூக்கவில்லை. "ம்" என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. மதுரைக்காரர் சொன்னது எழுதிய தாள் அதே பெட்டியில், குழல்களுக்கு அடியில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. மாடு காலையில் ஒழுங்காகக் கட்டுத்தறியில் நின்றது. சாயங்காலம் சுவரோரம் போக மறுத்தது. சாயங்காலப் பால் ஒன்றரைப் படியிலிருந்து ஒரு படியானது, பிறகு முக்கால் படி. உள் அறை விளக்கு கொஞ்சம் மங்கியது. "சித்தப்பா, உள்ளறைச் சுவத்துல கை வச்சா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்று அண்ணன் மகள் சொன்னாள். கரையான்தான் என்றேன். காலை, சாயங்காலம் என்று பிரித்துப் பாலை அளந்து எழுதி வைத்தவன், நாலரை மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்குகிறது என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

தீபாவளி கழிந்த நாலாம் நாள், ஐந்து மணி இருக்கும். மழை. பால் கறக்கச் செம்போடு கொட்டத்துக்குப் போன என் மனைவி அலறினாள். ஓடினேன். சாரலுக்கு ஒதுங்கிய மாடு, சுவரில் விலாவைச் சாய்த்தபடியே விழுந்து, காலை உதைத்துக்கொண்டிருந்தது. நின்ற இடமெல்லாம் மழைத் தண்ணீரும் கோமியமும். என் மனைவி எதிர்ப்பக்கம் தூணடியில் கிடந்தாள். மாட்டைத் தூக்கிவிடச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். சுவர் அவளைத் தூக்கி எறிந்திருக்கிறது. அண்ணன் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படி வரை வந்துவிட்டாள்.

"யாரும் சுவரைத் தொடாதீங்க" என்று கத்திவிட்டு, கிட்டங்கிக்கு ஓடினேன். எஞ்சின் கொட்டகைக்கு அறுபத்தாறு தப்படி. "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எஞ்சின் சத்தத்தில் அதை ஓட்டுகிறவன் காதில் விழவில்லை. கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது மாடு செத்திருந்தது. என் மனைவிக்கு நினைவு வந்திருந்தது. வலது கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மதுரைக்காரர் வந்தார். நேராக அந்தச் சுவருக்குப் போனார். மூங்கில் உளுத்துப்போயிருந்தது, கையால் இழுத்ததும் வந்துவிட்டது. உள்ளே சாணி மண் திணித்துக் கெட்டியாக இருந்தது. உடைத்தார். கம்பியின் நூலும் ரப்பரும் ஒரு சாண் நீளத்துக்கு இல்லை, செம்பு மட்டும் இருந்தது.

"ரப்பர் போன எடத்துல ஈர மண்ணு ஒட்டினா, கரண்டு சுவருக்குள்ளதான் எறங்கும். இத யாரு அடைச்சது?" என்றார்.

அண்ணன், மதினி, அண்ணன் மகள், என் மனைவி, நான், மதுரைக்காரர். ஆறு பேர் நின்றோம்.

"நாந்தான் அடைச்சேன்" என்றாள் என் மனைவி. மதினி சொன்னாள் என்று சொல்லவில்லை. என்னிடம் கேட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் உத்திரத்துக் குமிழ்களைப் பார்த்தேன்.

மதினி மாரில் அடித்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல பசு சாகலாமா? வெளக்கு வேணும் வெளக்கு வேணும்னு நின்னாளே, அந்த வயித்தெரிச்சல் வெளிச்சம் எம் மகளைக் கொண்டுபோகப் பாத்துச்சே! மாடு குறுக்க நின்னு வாங்கிக்கிருச்சு."

மதுரைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "ஆத்தா, யாரையும் வைய வேணாம். மூங்கிய வச்சதுல இருந்தே தப்புதான், நானும் அதுக்கு ஒடந்தை. கம்பிய மாத்திட்டு ரெண்டு பீங்கான் குழல் போட்டா இனிமே ஒரு பொல்லாப்பும் வராது. குழல அனுப்பினேனே, வந்துச்சா வாத்தியாரய்யா?"

"வந்தது" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அண்ணன் முடிவு சொன்னார். கொட்டத்து வழியே கம்பி வேண்டாம். கிட்டங்கியிலிருந்து சந்தைச் சுற்றி, தெருப்பக்கமாக, சுவரைத் துளைக்காமல் தாழ்வார வழியே முன்கூடத்துக்கு நேரே இழுத்துவிட வேண்டும். ஒரு விளக்குப் போதும். முதலாளி கொடுத்ததை அடியோடு கழற்றினால் அவர் என்ன நினைப்பார்? அதனால் முன்கூடத்தில் இருக்கட்டும். உள் அறைக்கு வேண்டாம். "வேணும்னா கேட்டவ புருசன் பேசட்டும்" என்று என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனேன். பதினாலு குமிழ்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மதுரைக்காரர் போனார்.

மார்கழியில் பிரசவமானது. ஆண் குழந்தை. உதடு நன்றாக இருந்தது. நாங்கள் கொத்தாததால்தான் என்றாள் மதினி.

என் மனைவி மறுபடி மண்ணெண்ணெய் விளக்கை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கை நடுக்கம் நாலு மாதத்தில் போய்விட்டது. கண் போகப் பதினொரு வருஷம் ஆனது. கடைசியில் நிறத்தைப் பார்த்துப் பொறுக்கவில்லை, விரலால் நெருடிப் பார்த்துப் பொறுக்கினாள். பச்சையில் வெளுத்தது கலந்திருக்கிறது என்று கிட்டங்கியிலிருந்து இரண்டு தடவை மூட்டை திரும்பியது. மூன்றாவது தடவை அண்ணனே வந்து, "இனி ஒனக்கு வேணாம், ஆத்தா" என்று சுளகை எடுத்துப்போனார். அப்போது முன்கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாகம் பிரிந்து, செங்கல் வீடு ஒன்றுக்கு வந்தோம். ஊருக்கெல்லாம் மின்சாரம் வந்தபோது நான் முதலில் விளக்குப் போட்டது அவள் படுக்கிற அறையில். சுவரைத் துளைத்த இரண்டு இடத்திலும் பக்கத்தில் நின்று, குழல் வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பழைய குழல் இரண்டையும் கம்பி இழுக்கிறவனிடம் கொடுத்தேன். அளவு சேரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சுவிட்சைப் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை மேலே தூக்கவில்லை.

"எரியுதா?" என்றாள்.

"எரியுது."

அவள் கேட்டாள். "அன்னிக்கி, அடைக்கட்டுமானு நான் கேட்டது ஒங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

இருபத்தாறு வருஷமாக அவள் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"விழுந்துச்சு" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அணைச்சுப்புடுங்க. எனக்கு என்னத்துக்கு?"

நான் அணைக்கவில்லை. அணைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.